விதியா? வியாதியா?



லாரித் தொழிலுக்குப் போக எண்ணியிருக்கும் வாலிபர்கள் பலர் இங்கு வந்திருப்பதால், அவர்களுக்குப் பிரயோஜனமான ஒரு காரியத்தைப் பற்றியே பேசுகிறேன். நமது தஞ்சை ஜில்லாவில் குறுவை அறுப்பானாலும், சம்பா அறுப்பானாலும் கொள்முதல் நிலையத்திலிருந்து நெல்லைக் கிடங்குக்குக் கொண்டு போவது லாரிதான். அந்த நிலையங்களின் பக்கத்திலும் ரோட்டோரத்திலும் நெல்லைக் குவித்துவிட்டு, குவியலுக்கு அருகிலேயே இரவில் படுத்துக் காவல் காக்கிறவர்கள் நமது குடியானவர்கள். ஆதலால் லாரிக்காரன் கண்ணயர்ந்தால் ஆபத்து அவனுக்கு மட்டுமல்ல.

இரவில் ஒரு லாரி வாய்க்காலில் இறங்கிவிட்டால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? விதி என்கிறான் ஒருவன். கண் திருஷ்டி என்கிறான் மற்றொருவன். அந்த வளைவில் முனி அடித்துவிட்டது என்கிறான் மூன்றாமவன். உடனே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறார்கள், பூசணிக்காய் உடைக்கிறார்கள். ஓட்டினவன் தூங்கினானா, ஏன் தூங்கினான் என்று கேட்பாரில்லை. முனி அடிப்பது உண்மையானால், அது பெரும்பாலும் இரவு 2 மணிக்கு மேல் விடிவதற்குள் அடிப்பானேன்? மனித உடம்பைத் தூக்கம் மிகவும் அழுத்தும் நேரம் அதுதான் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் சொல்ல முடியும்?

நிற்க. இரவெல்லாம் படுத்திருந்தும் பகலில் தூங்கி விழுகிறவர்கள் உண்டு. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகும் வழியை அடைத்துக் கொள்ளுகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. மூளை திடுக்கிட்டு எழுப்ப, பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது; மறுபடியும் அடைக்கிறது. இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். மணிக்கு 30 தடவை அடைத்தால் கடுமையான வியாதி என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். இப்படிப்பட்டவன் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கினவனாக மாட்டான். இது அவனுக்கே தெரியாது. மனைவிக்கும் கிளீனருக்கும்தான் தெரியும். நாமோ குறட்டையைக் கேட்டு, "ஆள் கும்பகர்ணன்" என்று மெச்சுகிறோம். மூச்சுத் திணறி எழுந்தால் "அமுக்குவான் பேய்" என்று திருநீறு பூசுகிறோம்!

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் லாரி விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. நான்கு விநாடி கண் மூடினால் ஏறக்குறைய 67 மீட்டர் தூரம் அது ஓட்டுகிறவன் இல்லாத லாரியே ஆகும்.

இதற்குச் சட்டம் என்ன செய்கிறது? 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு லாரி ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். வைத்தியரின் சர்டிபிகேட்டும் வேண்டும். 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பலகை தெரிகிறதா, நிறங்கள் பிரித்துத் தெரிகிறதா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் பார்க்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா என்று கேட்பதில்லை. விழித்திருக்கும் கண்ணைச் சோதித்துவிட்டு, அந்தக் கண் விழித்திருக்குமா என்று பாராமல் விடுவது என்ன சோதனை?

ஐரோப்பிய யூனியன் 2014இல் செய்த உத்தரவின்படி, இந்த வியாதி நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருக்குமென்று சந்தேகப்பட்டால் வைத்திய ஆலோசனை பெற்ற பிறகே லைசென்சு. வியாதி கட்டுப்பட்டிருந்தால் லைசென்சு உண்டு; பார வண்டிக்காரரை வருஷத்துக்கு ஒரு முறையாவது மறுபடி பார்க்கிறார்கள். அமெரிக்காவிலோ 2016இல் விதி செய்யும் யோசனையைக் கிளப்பி, 2017இல் கைவிட்டு விட்டார்கள்.

"வியாதி என்று தெரிந்தால் பிழைப்புப் போய்விடுமே" என்று நீங்கள் பயப்படலாம். நியாயமான பயந்தான். ஆனால் பரிசோதனை ஒரு இரவுத் தூக்கத்தில் முடிகிற காரியம். மருந்தும் உண்டு: 1981இல் ஆஸ்திரேலியாவில் சல்லிவன் என்ற வைத்தியர், மூக்கில் பொருத்தும் மூடி வழியாகக் காற்றை அழுத்தித் தந்து தொண்டையை அடைக்காமல் வைக்கும் முறையை வெளியிட்டார். உடம்பு பருத்தவர் எடை குறைத்தாலும், குடிப்பவர் இரவில் குடியை விட்டாலும் நன்மை உண்டு. ஆகவே சோதனை என்பது ஆளைக் கழிப்பதற்காக அல்ல. ஆளைக் காப்பதற்காகவே இருக்க வேண்டும். அதன் செலவை முதலாளியும் சர்க்காரும் ஏற்க வேண்டுமே ஒழிய, கூலிக்காரன் தலையில் கட்டக் கூடாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று வைத்திருந்தது. இரண்டு இரவு சேர்ந்தாற்போல் ஓட்டச் சொல்லிவிட்டு, விபத்து நேர்ந்ததும் "அவனுக்குக் குறட்டை வியாதி" என்று முதலாளி தப்பித்துக் கொள்ளவும் நாம் இடம் கொடுக்கக் கூடாது. வியாதிக்கு வைத்தியம், களைப்புக்கு ஓய்வு. இரண்டும் உரிமையே தவிர யாரும் போடும் பிச்சையல்ல.

ஆகவே வாலிபத் தோழர்களே! லைசென்சுக்குப் போகுமுன் வீட்டாரைக் கேளுங்கள்: "நான் குறட்டை விடுகிறேனா? நடுவில் மூச்சு நிற்கிறதா?" ஆமென்றால் பூசாரியிடம் போகாமல் வைத்தியரிடம் போங்கள் என்று கேட்டுக் கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்கிறேன்.