யார் முகத்தில் முழித்தோம்?

தோட்டத்தில் ஒரே நாளில் மோட்டாரும் ஓடாது, இன்ஜினும் ஓடாது என்று ஆகிவிட்டால் நம்மவர்கள் முதலில் சொல்வது, "இன்னிக்கு யார் மூஞ்சியில முழிச்சனோ!" என்பதுதான். மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். எந்த முகத்துக்கும் இதில் பங்கில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டம். பெரியவர், அவர் சம்சாரம், மகன், இவர்கள்தான் பாடுபடுகிறவர்கள். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்த சமயம். கிணற்றிலும் தண்ணீர் மேலேறி நின்றது. ஆனால் எடுத்துவிட வழியில்லை. காலையில் மோட்டார் எரிந்துவிட்டது. மூலையில் கிடந்த டீசல் இன்ஜினை இழுத்துப் போட்டார்கள். நாலு பாத்தி பாய்வதற்குள் டீசல் தீர்ந்து நின்றது. மறுபடி ஊற்றிச் சுற்றினால் கை வலித்ததுதான் மிச்சம். ஒருவழியாக அதைக் கிளப்பியதும் பெல்ட் அறுந்தது. மகன் டவுனுக்கு ஓடி வாங்கிவந்த பெல்ட்டோ வேறு நம்பர். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

நான் போனதும், "மூணு பேஸும் வந்துச்சுங்க தம்பி, டெஸ்டர் வெச்சுப் பார்த்தேன்" என்றார் பெரியவர். அவர் சொன்னது பொய்யில்லை. நேயர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

எரிந்த மோட்டாரைத் திறந்தால் அது எப்படி எரிந்தது என்று அதுவே சொல்லிவிடும். சுற்றிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால், பளு தாங்காமலோ, வோல்டேஜ் இறங்கியோ, பம்பு இறுகியோ எரிந்தது. இந்த மோட்டார் அப்படியில்லை. இரண்டு கட்டு காயில் கரி. அடுத்த கட்டு நேற்றுச் சுற்றியதுபோல் செம்பு நிறம். திரும்ப இரண்டு கட்டு கரி. வட்டம் முழுக்க இதே வரிசை. ஸ்டார் இணைப்புள்ள மோட்டாரில் இப்படி இருந்தால், ஒரு பேஸ் போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நின்ற மோட்டார் ஒரு பேஸ் இல்லாவிட்டால் உறுமும், சுற்றாது. ஓடுகிற மோட்டார் நிற்காது. மற்ற இரண்டு பேஸில் கூடுதலாக மின்சாரத்தை இழுத்து, தன்னையே எரித்துக்கொள்ளும்.

அப்படியானால் மூன்றாவது பேஸ் எங்கே போயிற்று? ஸ்டார்ட்டரைத் திறந்தேன். ஒரு பாயிண்ட் குழிவிழுந்து கருகிக் கிடந்தது. லைனில் மூன்றும் வந்தன, மோட்டாருக்கு இரண்டுதான் போயின. டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள்; போகாத பேஸிலும் காயில் வழியாகத் திரும்பி வரும் மின்சாரத்தில் டெஸ்டர் எரியும். எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டர் வைத்து இரண்டிரண்டு பேஸாக, ஸ்டார்ட்டருக்கு முன்னாலும் பின்னாலும் அளக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 400 வோல்ட் மூன்று முறையும் வர வேண்டும்.

மின்சாரம் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ரிலே ஏன் காப்பாற்றவில்லை என்கிறீர்களா? அது அடிக்கடி விழுகிறது என்று திருகைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார்கள். ஊரைக் காக்கிற நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிய கதை. பெரியவரின் சம்சாரம் அப்போது மெல்லச் சொன்னார்: "நாலஞ்சு நாளா ஸ்டார்ட்டர் பொட்டி கிர்ருன்னு கத்துதுன்னு சொன்னனுங்க, யாருங்க கேட்டாங்க?" கிணற்று மேட்டில் தினமும் புல் அறுக்கிறவர் அவர். அந்த வீட்டில் நல்ல மெக்கானிக் அவர்தான்.

1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்துகாட்டிய கோவை நமக்குப் பக்கம்தான். நல்ல மோட்டாருக்குப் பஞ்சமில்லை. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை.

இன்ஜின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீசல் தீர்ந்து நின்றால் குழாயில் காற்று புகுந்துவிடும். நட்டைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை வெளியே விட்டு, பிறகு இறுக்க வேண்டும். பெல்ட் அறுந்ததற்குக் காரணம், சும்மா கிடந்து வெடித்துப்போனது. அவசரத்துக்கென்று வைத்திருக்கிற இயந்திரத்தை அவசரத்தில் மட்டுமே தொட்டால் அது கைவிடத்தான் செய்யும். மாதத்துக்கு ஒருமுறையாவது அதைக் கிளப்பிப் பாருங்கள். பெல்ட் நம்பரை மோட்டார் ரூம் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம். காயில் கட்டும் செலவு இலவசமில்லை. ஆகவே ஸ்டார்ட்டர் கத்தினால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள், ரிலே திருகில் கை வைக்காதீர்கள், ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். என் கடைக்கு உங்கள் மோட்டார் வராமலே இருக்கட்டும்.