தீவாரும் நன்னீரும்

புங்குடுதீவிலிருந்து ஹொங்கொங் செல்வோர், 1888 முதல் ஓடும் டிராம் வண்டியில் விக்டோரியா மலையேறி நகரின் எழிலைக் காண்பர். ஆவியில் வெந்த 'டிம்சம்' சிற்றுண்டியைச் சுவைப்பர். டெம்பிள் வீதி இரவுச் சந்தையில் விலை பேசிப் பொருள் கொள்வர்.

அவற்றினும் அவர்கள் கருத்திற் கொள்ளத்தக்கது அந்நகரின் தண்ணீரேயாம். பேராறு இல்லாத அங்கு, 1963 ஆம் ஆண்டு வறட்சியில் நான்கு நாளைக்கொருமுறை நான்கு மணி நேரமே குழாயில் நீர் வந்தது. 1965 முதல் சீனப் பெருநிலத்து ஆற்றுநீரைப் பெற்றனர். கடற்குடா ஒன்றை அணையால் அடைத்து, உவர்நீரை இறைத்து, 1968 இல் நன்னீர்த் தேக்கமாக்கினர். கழிப்பறைகளுக்குப் பெரும்பாலும் கடல்நீரையே பயன்படுத்துகின்றனர்.

கிணறுகள் உவர்க்க, குடிநீருக்கு அல்லலுறும் புங்குடுதீவார்க்கு இது வெறுங்காட்சியன்று. மாரிமழையைக் கடலுக்கு விடாது குளங்களில் தேக்கும் கருத்தும், வாங்கிய பொருள்களோடு ஊர் வந்து சேர்தல் வேண்டும்.