புரட்டாசி விருந்தினர்

மேல்நாட்டார் இலையுதிர்காலம் என்று சொல்லும் பருவம் நம் நாட்டில் இலையை உதிர்த்துக்கொண்டு வருவதில்லை. புரட்டாசியிலே சோளகக் காற்றுத் தணிகின்றது. மாரி தொடங்குமுன் உள்ள அச்சில வாரங்களிலேதான் வடக்கேயிருந்து பறவைகள் வந்து சேர்கின்றன. மன்னாரை அடுத்த வங்காலை நீர்நிலைகளில் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் கூட்டங்கூட்டமாய் இறங்குவதைப் பலர் அறிவர். 2010 இல் அவ்விடம் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

ஆயின், வீட்டு வாசலுக்கே வரும் விருந்தாளியைக் கவனிப்போர் குறைவு. அதுதான் ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, நீலம் மின்னும் சிறகு, வால் அடியிற் செம்மை, கண்ணின் குறுக்கே கரிய பட்டை; வாலோ மிகக் குட்டை. காலையும் மாலையும் ஆறுமணி அளவில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் நம்மவர் இட்ட பெயர் இது. பொருத்தமான பெயர்தான். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் இப்பறவை இரவிலே பயணஞ் செய்வது. களைத்து வருகையில் விளக்கொளியால் மயங்கி, சில வேளை விறாந்தையில் வந்து விழுந்துவிடும். விடியுமுன் பூனை கண்டால் பயணம் அங்கேயே முடிந்தது.

அதே விளக்கைச் சுற்றி விட்டில்களும் மொய்க்கின்றன. விளக்கின்மீது விட்டிலுக்குக் காதல் என்பது புலவர் கற்பனை. 2024 இல் வெளியான ஓர் ஆய்வு வேறு காரணங் கூறுகின்றது. இரவில் நிலத்தைவிட வானமே வெளிச்சமானது. ஆகவே பூச்சிகள் ஒளியை நோக்கி முதுகைத் திருப்பிப் பறக்கப் பழகியவை. விளக்கு பக்கத்தில் இருந்தால் உடல் அதன்பாற் சரிகின்றது, வட்டமிட்டு அகப்பட்டுக்கொள்கின்றன. வியப்பு என்னவெனில், இவ்விதிக்கு அடங்காத மிகச் சிலவற்றுள் அலரி விட்டிலும் ஒன்று. பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த, சலவைக்கல் போன்ற கோலமுடையது அது. அதனைத் தேட விளக்கு வேண்டாம். முற்றத்து அலரியின் கீழே மிளகு போன்ற எச்சம் கிடக்கின்றதா எனப் பகலில் நோக்குக. மேலே, நச்சிலையைத் தின்று கொழுத்த பச்சைப் புழு, கண்போன்ற இரு நீலப் புள்ளிகளோடு இருக்கும்.

இவ்வாரங்களில் வெளிவிளக்கை உறங்கப் போகும்போதே அணைத்துவிடுதல் நன்று. குருவி விழுந்து கிடந்தால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாக மூடி, ஓசையற்ற இடத்தில் விடுக. வாயிலே நீர் புகட்டலாகாது. பிள்ளைகள் தூக்கிப் பார்க்கவும் விடலாகாது. தெளிந்தபின், பற்றை அடர்ந்த வேலியோரம் திறந்துவிடுக. மறுநாள் ஆறுமணிக்கு அப்பற்றையிலிருந்து சீழ்க்கை கேட்டால், அது அங்கே தங்கிவிட்டது; பங்குனி, சித்திரை வரை சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்.