எட்டாம் மாதத்துப் பிள்ளைகள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசிய அறிஞர்களுக்குப் பின், ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் என்னைப் பேசப் பணித்திருக்கிறார்கள். செயலாளர் அளித்த தலைப்பு 'பிள்ளை வளர்ப்பு'. அவ்வளவு பெரிய பொருளுக்கு நான் உரியவன் அல்லேன். நான் அறிந்தது இரண்டே பிள்ளைகள். அவர்கள் இரட்டையர், நாள் நிறையுமுன் பிறந்தவர்கள். அவர்களைப் பற்றியும், அவர்கள் உயிர் தங்கக் காரணமானவர்களைப் பற்றியும் சில சொல்லி அமர்கிறேன்.

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று நம் ஊர்ப்பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே எண்ணம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு தை மாதத்தில், 31ஆம் வாரத்திலேயே என் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "எட்டல்லவா நடக்கிறது!" என்று சொன்னவர், பிறகு அன்றிரவு முழுதும் வாய் திறக்கவில்லை.

மருத்துவர்கள் கூறுவது வேறு. கருவில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம். எட்டாம் மாதத்துப் பிள்ளை ஏழாம் மாதத்துப் பிள்ளையைவிட வலியதே. ஆயினும் வேறொரு கணக்கில் நம் முன்னோர் தவறவில்லை. கருக்காலம் 40 வாரம். 28 நாள் கொண்ட மாதமாக எண்ணினால் அது சரியாகப் பத்து மாதம். 37 வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைப்பிரசவம் என்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அவ்வாறு பிறந்தன என்றும், அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் நம் நாட்டில் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. இரட்டையரிலோ பாதிக்கு மேற்பட்டோர் நாள் நிறையுமுன் வந்துவிடுகிறார்கள். வண்டி முன்னதாக வந்தால் ரயில்வேயில் எங்களுக்கு மகிழ்ச்சி, இங்கே அப்படியன்று.

ரயில்வே மருத்துவமனைக்குப் போக நேரமில்லை. அருகில், தாராவியை அடுத்திருக்கும் சயான் மருத்துவமனைக்கு, அதாவது லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மகன் 1,400 கிராம். ஏழு நிமிடம் இளையவளான மகள் 1,150 கிராம். பெயர் வைக்க எவருக்கும் துணிவில்லை. கட்டிலில் தொங்கிய அட்டைகளில் 'டுவின் 1', 'டுவின் 2' என்றே பல நாள் இருந்தது.

1963ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு ஓர் ஆண்மகவு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரமே வாழ்ந்து மறைந்தது. நுரையீரல் விரிந்து நிற்க உள்ளே ஒருவகை வழவழப்புப் பொருள் வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அது போதிய அளவு ஊறியிராது. மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர் 1959இலேயே இதைக் கண்டறிந்துவிட்டார். மருந்துதான் அன்றைக்கு இல்லை. பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஊசி போட்டுப் பிள்ளையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தலாம் என்பதை நியூசிலாந்து மருத்துவர் இருவர் 1972இல் நிறுவினர். அந்த ஊசிதான் என் மனைவிக்கும் போடப்பட்டது. வெள்ளை மாளிகைக்கு அன்று எட்டாதது, ஒன்பது வாரம் முன்னதாகப் பிறந்த ஒரு குமாஸ்தாவின் பிள்ளைகளுக்கு நகராட்சி மருத்துவமனையில் கிட்டியதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

மூச்சு நிலைத்தது. அடுத்த கவலை பால். என் மனைவிக்கு மூன்று நாள் பால் சுரக்கவில்லை. சுரந்த பின்னும் இருவருக்குப் போதவில்லை. பால்மாவு வாங்கி வரட்டுமா என்று செவிலியரைக் கேட்டேன். வேண்டாம் என்றார். இத்தகைய குழந்தைகளின் குடல் மிக மெல்லியது, பால்மாவு கொடுத்தால் குடல் அழுகும் நோய்க்கு இடம் அதிகம், தாய்ப்பால் அதைத் தடுக்க வல்லது என்று விளக்கிவிட்டு, "வேறு தாய்மாரின் பால் இருக்கிறது, சம்மதமா?" என்று கேட்டார். கையெழுத்திட்டேன்.

அந்த மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் என்னும் அம்மையார் 1989ஆம் ஆண்டு ஒரு தாய்ப்பால் வங்கியை நிறுவினார். வியன்னா நகரில் 1909இலேயே இத்தகையது தோன்றியிருந்தாலும், ஆசியாவில் இதுவே முதலாவது. மிகுதியாகப் பால் சுரக்கும் தாய்மார் தாமே முன்வந்து கொடுக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. அவர்களின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் அரைமணி நேரம் காய்ச்சி, கிருமி இல்லையென்று உறுதிசெய்து, உறையவைத்துக் காக்கிறார்கள். வங்கி என்றாலே வட்டி நினைவுக்கு வரும் நமக்கு இது விந்தையான வங்கி. போட்டவர் எடுப்பதில்லை, எடுத்தவர் திருப்புவதில்லை.

இரண்டு மணிக்கொருமுறை, குழாய் வழியே, 2 மில்லி லிட்டர். பிறகு பாலாடையால் புகட்டினார்கள். தமிழன்பர்களே, இதைக் கேளுங்கள்: மராத்திச் செவிலியரும் அதைப் 'பாலாடை' என்றே சொன்னார். குறைமாதக் குழந்தைக்குப் பால் புகட்டும் கலத்துக்கு இந்திய மருத்துவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போதும் நம் பாட்டிமார் சொல்லையே ஆள்கிறார்கள். அந்த வார்டில் எனக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

எடை சற்றுக் கூடியதும், ஆளுக்கொன்றாக மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில், வெப்பப்பெட்டிகள் போதாமையால் 1978இல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய கங்காரு முறை அது. தந்தையும் செய்யலாம், இரட்டையர் வீட்டில் செய்தே தீரவேண்டும். அலுவலகம் முடிந்து சட்டையைத் திறந்து மகளை மார்பில் வைத்துக்கொள்வேன். ஒரு புறாக்குஞ்சின் கனம்கூட இல்லை.

கண்ணைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமாட்டேன். 34 வாரத்துக்கு முன்னரோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைக்கு, 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். நாள் கடந்தால் பார்வை மீளாது போகலாம். 1940களில் செல்வ நாடுகளில் அளவின்றிப் பிராணவாயு கொடுத்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தன. என் மகனுக்கு ஆறாம் வாரத்தில் லேசர் சிகிச்சை நடந்தது. இன்று தடித்த கண்ணாடி அணிந்திருக்கிறான், ஆனால் பார்க்கிறான்.

வளர்ந்த கதையைச் சுருக்குகிறேன். மகள் 14 மாதத்தில் நடந்தாள், மகன் 19 மாதத்தில். இரண்டு வயதுவரை பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள் என்று மருத்துவர் சொன்னது பெரிய ஆறுதல். உறவினருக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. நம் சங்கப் பெரியவர் ஒருவர் இருவரையும் பார்க்கும்போதெல்லாம் ஆற்காட்டு இரட்டையரை நினைவூட்டுவார். ராமசாமி முதலியார் ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். லட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவத்தில் நூலெழுதிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். மகன் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டாம் முறை தேறி, இப்போது மின்வேலை பயில்கிறான். ஒருத்தி ஓடுகிறாள், ஒருவன் நடக்கிறான். ஒரே நாளில் பிறந்தார்கள் என்பதற்காக ஒரே கோலால் அளப்பதற்கு எங்கள் வீட்டில் இடமில்லை.

சென்ற தையில் 19 வயது நிறைந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, யாருடைய பாலை நாங்கள் குடித்தோம்?" பலருடைய பாலை ஒன்றாகக் கலந்தே காய்ச்சுவார்கள், ஆகவே யார் என்று சொல்ல இயலாது. தாராவித் திருநெல்வேலிக்காரியோ, கொங்கணத்து மராத்தியோ, உத்தரப்பிரதேசத்து முஸ்லிம் தாயோ, எல்லோருமோ. 1960களில் இந்நகரில் தென்னாட்டார் கடைகள் மீது கல் விழுந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். அதே நகரம் இதையும் கொடுத்தது. கார்த்திகைப் பெண்கள் அறுவரிடம் பாலுண்ட முருகனைச் செம்பூர் சேடா நகர்க் கோயிலில் நாம் வணங்குகிறோம். அவனுக்காவது அறுவர் என்ற எண்ணிக்கை தெரியும்.

இந்த அரங்கில் கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மாரைக் காண்கிறேன். பால் மிகுதியாய்ச் சுரந்து வீணாகிறதென்று சொல்லும் பெண்கள் நம் காலனியில் உண்டு. கொடுப்பதற்கு என்ன சோதனை, எப்படிப் பிழிந்து எடுத்து வைப்பது என்பதெல்லாம் என் மனைவி நன்கறிவாள். மூன்றாம் வரிசையில், மகளுக்கு அருகில் அமர்ந்திருக்கிறாள். சிற்றுண்டி வேளையில் அவளிடம் கேட்கலாம்.