பொட்டலம் கொடுத்தவன் எங்கே?



தமிழகக் காவல்துறை 2021 டிசம்பரில் ‘கஞ்சா வேட்டை’யைத் தொடங்கியது. ஆந்திர – ஒடிசா எல்லை மலைகளில் விளையும் சரக்கு மதுரைக்கு வர, பணம் போட்டவர், வண்டி கொடுத்தவர், பிரித்துக் கொடுத்தவர் எனப் பல கைகள் வேண்டும். கடைசிக் கை, படிப்பை விட்ட ஏழைச் சிறுவனுடையது. எளிதில் சிக்குவதும் அதுதான். அவனிடம் முதலில் கேட்கப்படுவது தெருவின் பெயர். அதில் சாதி தெரிந்துவிடும்.

சட்டம் வேறு சொல்கிறது. 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டம், போதைக் கடத்தலுக்குள் இழுக்கப்படக்கூடிய நிலையிலுள்ள சிறாரைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவோர் என்கிறது. சிறாரை வைத்துப் போதைப்பொருள் விற்பவர்க்கும் கடத்துபவர்க்கும் பிரிவு 78-இன்படி ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆய்வு மாணவனாக, இந்தத் தல்லாகுளத்தில் நின்று காவல்துறையிடம் நான் கேட்பது இதுதான்: சிறுவன் பிடிபட்ட வழக்குகள் எத்தனை? அவற்றில் பிரிவு 78 போட்டவை எத்தனை? இரண்டு எண்களையும் மாவட்டவாரியாக வெளியிடுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் முதலாளிகள் ஒளிந்திருக்கிறார்கள்.

நாமும் ஒன்று செய்வோம். பையனைக் கூட்டிப்போனால், ஸ்டேஷனுக்கு ஓடுகிற அம்மாவுக்கு இந்தப் பிரிவு எண் தெரிந்திருக்கட்டும். நம் மாலை வகுப்புச் சுவர்களில் அதை எழுதி வைப்போம்.

ஜெய்பீம்.