கரி வெட்டியவரும் பால் வெட்டியவரும்
(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

இன்று ஒரு சிலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரசன் சிலையல்ல, துரைமார் சிலையுமல்ல. கரி வெட்டிய தொழிலாளிக்காக எழுந்த சிலை அது.

இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரில், சட்டன் மேனர் நிலக்கரிச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. அங்கே ஞாபகச் சின்னம் எழுப்பும் பொறுப்பு ஸ்பெயின் தேசத்துச் சிற்பி பிளென்சாவிடம் வந்தது. அவர் முதலில் பெரிய சுரங்க விளக்கு ஒன்றை யோசித்தார். பழைய சுரங்கத் தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. போனதை மட்டும் பார்த்தால் போதாது, வருங்காலத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எனவே கண்மூடிய சிறுமியின் வெண்முகம் 20 மீட்டர் உயரத்தில் 2009இல் எழுந்தது. 'கனவு' என்பது அதன் பெயர். பீடமோ, சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளியின் அடையாள வில்லையை நினைவூட்டுவது. நமக்குச் செக்ரோல் எப்படியோ, அவர்களுக்கு அந்த வில்லை அப்படி.

நம் நாட்டிலும் கரி வெட்டினார்கள். சிலாங்கூர் பத்து ஆராங்கில் 1915இல் தொடங்கிய சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. மலாயா ரயிலை ஓட்டியது அந்தக் கரி. 1937 மார்ச்சில் அங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, சுரங்கத்தையே தம் வசம் வைத்திருந்தனர். போலீசார் அதை அடக்கினர். பழைய புகைபோக்கிகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

நம் பேராக்கில், தஞ்சோங் துவாலாங்கில், 1938இல் கட்டிய ஈயம் வாரும் மிதவைக் கப்பல் நிற்கிறது. 1982இல் வேலை நிறுத்திய அதைக் காட்சிப்பொருளாகக் காத்து வருகிறார்கள். நல்லதுதான். இயந்திரம் தப்பிவிட்டது, அதை ஓட்டிய கைகளின் பெயர் எங்கே?

தோழர்களே, பால் மரம் சாய்ந்து செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. பெரட்டுக்களம் புல் மூடிற்று. நாளை யாரோ ஒருவர் நமக்கும் சின்னம் வைக்கக்கூடும். உளியும் மங்கும் போதுமென்று அவர் நினைக்கலாம். அப்போது வேண்டும், வேண்டாம் என்று சொல்ல நாம் கூடியிருக்க வேண்டும்.

அதற்கு இன்றே வேலை இருக்கிறது. கிராணிமார்களே, பழைய செக்ரோல் கிடைத்தால் எரிக்க விடாதீர்கள், பெயர்களைப் படியெடுங்கள். தாய்மார்களே, எந்த நிரையில் யார் வெட்டினார், எந்த லயத்தில் யார் பிறந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும். கல் பிறகு வரட்டும். பெயர் தொலைந்தபின் வரும் கல் வெறுங்கல்தான்.