அழாமல் ஆபரேஷனுக்கு

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுகிற குழந்தையை என்ன செய்வது? பயம் தணிய மிடாசோலம் சிரப் கொடுப்பது பழைய வழக்கம். அது கசக்கும், சில பிள்ளைகள் துப்பிவிடும். ஊசி என்றால் கேட்கவே வேண்டாம்!

இப்போது இன்னொரு வழி இருக்கிறது. வீசிங்குக்கு வைக்கிற அதே நெபுலைசர் மாஸ்க்கில் டெக்ஸ்மெடிடோமிடின் மருந்தை மூச்சோடு இழுக்க வைக்கிறார்கள். அம்மா மடியிலேயே உட்காரலாம். சுமார் அரை மணி நேரத்தில் கண் சொக்கும். இந்தத் தூக்கம் இயற்கைத் தூக்கத்துக்கு நெருக்கமானது, தட்டினால் குழந்தை விழித்துக்கொள்ளும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறையலாம் என்பதால், இரண்டையும் கண்காணிப்பார்கள்.

பெற்றோர் செய்யவேண்டியது ஒன்றுதான். மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்கவேண்டும். ‘பிள்ளை பசியில் அழுகிறதே’ என்று பாட்டி ரகசியமாக பிஸ்கட் கொடுத்துவிட்டால், டாக்டரிடம் மறைக்காதீர்கள்!